நூறு வகை சூப், மூன்றாம் பாகம்

குடையை மடக்காமல் நூலகத்துக்குள் நுழைந்த ஒரே ஆள் எங்கள் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன்தான். அதுவும் அடைமழையில். குடைக்கம்பி ஒன்று செய்தித்தாள் மேஜையில் இடறி, அன்றைய தாள் சொட்டச் சொட்ட நனைந்து... அதைப் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் பாதிச் செய்தியோடு கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

மேஜைக்குப் பின்னாலிருந்து அவள் நிமிர்ந்தாள். பத்து வருஷமாக இந்த நூலகத்தைக் கட்டிக் காப்பவள். தெருவுக்கு அவள் லைப்ரரி மேடம்.

“வெளியில மழை பெய்யுது, சரி... அதை உள்ளயும் கொண்டு வரணுமா?”

“மன்னிச்சுக்கங்க. மடக்குற பட்டன் வேலை செய்யலை.”

“அப்போ குடையை வெளிய விட்டுட்டு நீங்க மட்டும் வந்திருக்கலாமே.”

“புத்தகம் நனைஞ்சிடுமேன்னு...”

சட்டைக்குள் கைவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்தான். ஆள் முழுக்க நனைந்திருந்தான். புத்தகத்தில் ஒரு சொட்டு இல்லை.

அவளுடைய கோபம் அங்கேதான் வழுக்கியது. டீக்கறையோடும் குழந்தைக் கிறுக்கலோடும் புத்தகங்களைத் திரும்ப வாங்கிப் பழகிய கை அது. நெஞ்சோடு அணைத்து ஒருவரும் இதுவரை கொண்டுவந்ததில்லை...

அவன் பார்த்தது அவள் முகத்தையா, மூக்குக்கண்ணாடியையா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. தொழில் புத்தி முதலில் கண்ணாடிக்குத்தான் போகும். இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள்... மழை கழுவிவிட்ட ஜன்னல் மாதிரி, கோபத்திலும் பளிச்சென்று.

“உங்க ஃப்ரேம் சாஞ்சிருக்கு,” என்றான்.

“நீங்க நிக்கிறது சாஞ்சிருக்கும்.”

“இல்லைங்க. கண்ணாடிக்குத் தகுந்த மாதிரி நீங்க தலையைச் சாய்ச்சுப் பழகிட்டீங்க. அதான் எல்லாரையும் சந்தேகமா பார்க்கிற மாதிரி இருக்கு.”

தபால்காரர் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் தாள் நனைந்தது நனைந்ததுதானே. முறைத்துக்கொண்டே புத்தகத்தை வாங்கினாள். அட்டையில் ‘நூறு வகை சூப், இரண்டாம் பாகம்’ என்றிருந்தது.

தங்கச்சி படித்து முடித்துவிட்டாளாம். ஏழாம் மாசமாம், அதிகம் நடக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை என்பதால் அவள் அம்மாவோடும் அண்ணனோடும் இருக்கிறாள். அடுத்த பாகத்தை அவனே வாங்கிக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பியிருக்கிறாள். இத்தனை சூப்பைப் படிக்கிறாளே தவிர, வீட்டில் ஒரு கரண்டி கூட இறக்கியதில்லை என்று அண்ணன் குறைபட்டுக்கொண்டான்.

மேடம் சிரிக்கவில்லை. ஏனென்றால் அது சூப்புப் புத்தகமே இல்லை.

இந்த ரகசியம் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும், ஆண்களைத் தவிர. கர்ப்ப காலத்தைப் பற்றி நூலகத்தில் நல்ல புத்தகங்கள் இருந்தன. வருஷக்கணக்கில் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. ஆனால் ஒரு நாள் மேடம் புரட்டிப் பார்த்தபோது, ‘எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்’ என்ற பக்கம் மட்டும் பிளேடால் அறுத்தது போல் காணாமல் போயிருந்தது. நகல் எடுத்து ஒட்டினாள். அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை ஒட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. படிக்க ஆசை இருக்கிறது, கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடக்கத்தான் முடியவில்லை.

எப்படி முடியும்? பையில் என்ன, யார் வீட்டில் எத்தனை மாசம், யாருக்கு இன்னும் ஒன்றுமில்லை என்று ஜன்னலுக்கு ஒருவராக நின்று எட்டிப் பார்க்கிற தெரு இது. எங்களைச் சொல்லித்தான் என்ன...

பழைய சமையல் புத்தகங்களின் அட்டைகளைப் பிரித்து, அந்தப் புத்தகங்களுக்குப் போட்டாள் மேடம். முதல் மூன்று மாசம், நடு மூன்று மாசம், கடைசி மூன்று மாசம். சூப்பில் மூன்று பாகம். வியாழக்கிழமை மூன்று மணிக்குச் ‘சமையல் வகுப்பு’ என்று எழுதிப் போட்டாள். சுகாதார நிலையத்து நர்ஸக்கா வந்து உட்காருவாள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மேடமே வாசித்துக் காட்டுவாள். பெண்கள் நோட்டும் கையுமாக வந்தார்கள். வீட்டுக்காரர்கள் சந்தோஷமாக அனுப்பிவைத்தார்கள். ஒரே ஒரு விபத்து நடந்தது. தபால்காரர் தெரியாமல் ‘கேக் செய்வது எப்படி’யை வீட்டுக்கு எடுத்துப் போய், மறுநாள் காதெல்லாம் சிவக்கத் திருப்பிக் கொடுத்தார்.

“இந்தக் கேக் வேக ஒன்பது மாசம் ஆகும் போலிருக்கே, மேடம்.”

அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

கண்ணாடிக் கடைக்காரனிடம் அவள் சொல்லவில்லை. பெண்கள் சொன்னாலொழிய அவர்கள் வீட்டு ஆட்களிடம் வாய் திறப்பதில்லை என்பது அவள் வைத்திருந்த விதி. மூன்றாம் பாகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்துச் சீட்டில் தேதி முத்திரை குத்தினாள்.

“ஒரு வாரத்துல திருப்பிடுங்க.”

“ஒரு வாரம்தானா? தங்கச்சி மூணு வாரம்னாளே.”

“இந்தப் பாகத்துக்கு ஆள் அதிகம்.”

ஆள் அதிகமாம். அந்தப் புத்தகம் இரண்டு பிரதி, இரண்டும் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தன. எதற்காக ஏழு நாள் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. முத்திரையைத் திருப்பித் திருப்பி ஏழு நாள் தள்ளி வைத்த அந்த விரல்களுக்குத் தெரிந்திருக்கும்.

மழை விட்டிருந்தது. அவன் குடையை விரித்தபடியே பிடித்துக்கொண்டு போனான்...

அடுத்த புதன்கிழமையே வந்துவிட்டான், ஒரு நாள் முன்னதாக. கையில் குட்டி ஸ்க்ரூ டிரைவர். அவள் கண்ணாடியை வாங்கி நிமிர்த்திக் கொடுத்தான். கண்ணாடி இல்லாத அந்த அரை நிமிஷம் அவளுக்கு அவன் ஒரு நீலச் சட்டை மங்கல். அவனுக்கு அவள்... மறைப்பே இல்லாத இரண்டு கண்கள். அவன் திருகாணியைத் தேவைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றினான்.

புத்தகத்தைத் தங்கச்சி படித்துவிட்டாளாம், ஆனால் இன்னொரு தடவை படிக்க வேண்டுமாம். அவள் இன்னொரு முத்திரை குத்தினாள். ஏழு நாள். மூன்றாவது வாரமும் அதே. அவர்கள் பேசிக்கொண்டதையெல்லாம் எழுதினால் இடம் போதாது. அவனுக்குக் கூட்டம் என்றால் ஆகாது, அவளுக்குத் தனியாகச் சாப்பிட்டுப் பழகிவிட்டது, ஒற்றைக் கண்ணைச் சிமிட்ட அவளுக்கு வராது... இப்படி. தபால்காரர் ஒரே தாளை மூன்று தடவை படித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

பார்க்கிறவர்களுக்கெல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியாது. மூன்றாம் பாகம் அவன் வீட்டுப் படியை ஏறவே இல்லை.

கடை மேஜையின் இழுப்பறையில், லென்ஸ் பெட்டிக்குக் கீழே படுத்திருந்தது. கணக்கு எளிது. வீட்டில் கொடுத்தால் ஏழு நாளில் தங்கச்சி முடிக்க மாட்டாள். முடிக்காவிட்டால் அடுத்த வாரம் எதைக் கையில் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போவது? சூப்புதானே... படிக்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? படுத்துக்கொண்டு படித்தால் கண்ணுக்கும் கெடுதல் என்று தொழில் முறையில் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டான். தங்கச்சி கேட்கும்போதெல்லாம், வேறு யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை என்றான். மறக்காமல் கேட்டு வாங்கிவரச் சொன்னாள் அவள். வாராவாரம் சொன்னாள்.

நாலாவது வாரம் புதன்கிழமை அவன் வந்தபோது நல்ல வெயில். செய்தித்தாள் மேஜையில் தபால்காரரும் இரண்டு வாத்தியார்களும் இருந்தார்கள். இந்த முறை சொல்ல அவனிடம் ஒரு பெருமை இருந்தது.

“தங்கச்சிக்கு நானே டெஸ்ட் பண்ணிப் புதுக் கண்ணாடி போட்டுட்டேன். எழுத்து மங்குது, கண்ணு முன்னாடி பூச்சி பறக்கிற மாதிரி மினுக் மினுக்குங்குதுன்னா. பவர் மாறியிருக்கு. ரெண்டு நாளா தலைவலி வேற... கண்ணாடி பழகிட்டா போயிடும்.”

முத்திரை அவள் கையிலேயே நின்றுவிட்டது.

“முகம், கை... வீங்கியிருக்கா?”

“மோதிரத்தைக் கழட்ட சோப்பு போட வேண்டியதாப் போச்சு. அம்மா சொல்றாங்க, இந்த நேரத்துல எல்லாருக்கும் வர்றதுதானாம்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

“இது கண்ணு விஷயம் இல்லைங்க. பிரஷரா இருக்கும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

வாத்தியார்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் அப்படியே இருந்தது, சிரிப்பு மட்டும் போய்விட்டது. பதினைந்து வருஷமாகக் கண் பார்க்கிறவன்... நாலு பேர் முன்னால், அதுவும் யார் கண்ணில் பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்று ஒரு மாசமாக நடையாய் நடந்தானோ அவள் வாயால்.

“பதினஞ்சு வருஷமா எனக்கு இதான் வேலை. நீங்க முத்திரை குத்துறவங்க.”

“நானா சொல்லலை. புத்தகத்துல இருக்கு. மூணாம் பாகத்துல.”

“சூப்புல பிரஷரா?”

“அது சூப்பு இல்லை.”

விதியை முதல் தடவையாக மீறினாள். மேஜைக்கு மேல் குனிந்து, தாழ்ந்த குரலில், அட்டையின் கதையைச் சொன்னாள். அவன் காது சிவந்தது. தன் வீட்டு விஷயத்தைத் தன் கையிலேயே கொடுத்தனுப்பி, தனக்கே தெரியாமல்... தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்து, தான் மட்டும் முட்டாளாக...

“அவங்க படிச்சாங்கதானே?” என்று கேட்டாள் அவள். “படிச்சிருந்தா இந்நேரம் அவங்களுக்கே தெரிஞ்சிருக்குமே. தெரிஞ்சும் ஏன் சும்மா இருக்காங்க?”

‘இல்லை’ என்பது ஒரு சொல். அதைச் சொன்னால் மூன்று வாரத்துப் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எதற்காகப் பொய் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த நாலு பேர் முன்னால், இந்தக் கண்கள் முன்னால்.

“படிச்சா,” என்றான். “வரி விடாம படிச்சா.”

திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். புத்தகம் அவன் கையில்தான் இருந்தது. முத்திரை விழாமலே போயிற்று.

அவள் பாதி நம்பினாள். படித்தவளுக்குத் தெரியாதா... தனக்குத்தான் வீண் பதற்றமோ... பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பிறகு உறுப்பினர் பதிவேட்டில் முகவரியைப் பார்த்து, நர்ஸக்காவுக்கு போன் செய்தாள். அவள் வேறு தெருவில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு நேரே அந்த வீட்டுக்குப் போகிறேன் என்றாள். போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

தங்கச்சி சமையலறை வாசலில் விழுந்து கிடந்தாள். வலிப்பு. புதுக் கண்ணாடி தெறித்து அடுப்புக்குக் கீழே போயிருந்தது. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல், மகளின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் எங்கள் தெரு வழியாகத்தான் போயிற்று, கண்ணாடிக் கடையை உரசினாற்போல. அவன் ஒரு பெரியவருக்கு டெஸ்ட் செய்துகொண்டிருந்தான். சத்தத்துக்குப் பெரியவர் திரும்பினார். “வெளிய பார்க்காதீங்க, எழுத்தைப் பாருங்க,” என்று சொன்னானாம். பெரியவர்தான் பிற்பாடு சொன்னார்.

தங்கச்சி பிழைத்தாள். நர்ஸக்கா அந்த நேரத்துக்கு வந்திராவிட்டால் அதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குழந்தை பெண். அழவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் மேடம் எல்லா அட்டைகளையும் பிரித்துவிட்டாள். சூப்பும் கேக்கும் கிழிந்து கூடையில் விழுந்தன. ‘கர்ப்ப காலம்’ என்று பெரிய எழுத்தில், வாசலைப் பார்த்த அலமாரியில், முன்வரிசையில் அடுக்கினாள். வியாழக்கிழமைப் பலகையில் ‘சமையல்’ என்ற சொல்லை அழித்துவிட்டு ‘தாய்மார்’ என்று எழுதினாள். ஐந்து வியாழன் ஒரு ஆள் வரவில்லை. நர்ஸக்காவும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து, மூன்று மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடித்தார்கள்.

ஆறு வாரம் கழித்து ஒரு காலையில் தங்கச்சி வந்தாள். மெலிந்திருந்தாள். பழைய கண்ணாடிதான் போட்டிருந்தாள். பார்வை தானாகத் திரும்பிவிட்டதாம். அண்ணன் போட்டுக்கொடுத்த புதுக் கண்ணாடி இப்போது அவளுக்குச் சேரவில்லை.

அலமாரி முன்னால் போய் நின்றாள். கடைசி மூன்று மாசத்துப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, நின்றுகொண்டே படித்தாள். தலைவலி. பார்வை மங்குதல். கண் முன்னால் மினுக்குதல். முகத்திலும் கையிலும் வீக்கம். இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காதே. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக.

“இது இங்கயேதான் இருந்ததா, மேடம்? அண்ணன் வாராவாரம் கேட்டுட்டுத்தானே இருந்தாரு... வரவே இல்லைன்னாரே.”

மேடம் பதிவேட்டைத் திறந்தாள். இரண்டு பிரதியில் ஒன்று அவன் பெயரில் திரும்பாமலே நிற்பதை ஆறு வாரமாக அதில் பார்த்துக்கொண்டிருந்தவள்... அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. வாயைத் திறந்தால் ஓர் அண்ணனும் தங்கையும் இல்லாமல் போவார்கள். திறக்காவிட்டால் தான் ஒரு பொய்யில் பங்கு. புத்தகத்தைப் பதிந்து, இருபத்தொரு நாள் முத்திரை குத்திக் கொடுத்தாள்.

தங்கச்சி அதைப் பையில் போடவில்லை. பெயர் வெளியே தெரியும்படி மார்போடு பிடித்துக்கொண்டு, தெரு முழுக்க, முனை வரைக்கும் நடந்தாள். ஜன்னல்களில் நின்றிருந்த எங்களுக்குத்தான் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடுத்த வியாழக்கிழமை ஏழு பெண்கள் வந்தார்கள்.

அந்த வியாழக்கிழமைதான் அவனும் வந்தான், வகுப்பு கலைந்த பிறகு. தாடி வளர்ந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். மூன்றாம் பாகத்தை மேஜை மேல் வைத்தான். அட்டையில் இன்னும் சூப்புதான்.

“இது வீட்டுக்குப் போகவே இல்லைங்க. கடையிலதான் இருந்துச்சு.”

அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“குடுத்துட்டா திருப்பி எடுத்துட்டு வர ஒண்ணும் இருக்காதேன்னு... உங்களைப் பார்க்க வர்றதுக்கு வேற சாக்கு எனக்குத் தெரியலை. அன்னைக்கு நீங்க கேட்டப்பவும், படிக்கலைன்னு சொன்னா நீங்க என்னைப் பத்தி என்ன நினைப்பீங்கன்னு... வேற யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.” நிறுத்தினான். “காலையில தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன். எழுந்து உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.”

“எனக்குத் தெரியும்,” என்றாள். “அவங்க வந்தப்பவே தெரிஞ்சுது. நீங்களா சொல்வீங்களான்னுதான் உட்கார்ந்திருந்தேன்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்தவன் அவன். அவள் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“இதுல உள்ள பேரு வெளியில தெரிஞ்சிருந்தா... அன்னைக்கே வீட்டுக்குக் கொண்டு போயிருப்பீங்களா?”

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு.

“தெரியலைங்க.”

அவள் தலையசைத்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்து சீட்டை அவன் பக்கம் திருப்பினாள். மூன்று முத்திரைகள், வாரத்துக்கு ஒன்றாக.

“இங்க எல்லாருக்கும் இருபத்தொரு நாள். உங்க தங்கச்சிக்கு முதல் ரெண்டு பாகமும் அப்படித்தான் குடுத்தேன். உங்களுக்கு மட்டும் ஏழு.”

“ஆள் அதிகம்னீங்க...”

“யாருமே இல்லை.” கண்ணாடியைக் கழற்றினாள். அவன் நிமிர்த்திக் கொடுத்த கண்ணாடி. “நீங்க வரணும்னுதான்.”

அவன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இருபத்தொரு நாள்னா,” என்றான் மெதுவாக, “வீட்டுல குடுத்திருப்பேன்.”

“தெரியும்,” என்றாள்.

ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, நடுவில் அந்தப் புத்தகம். அவன் கை நீட்டவில்லை. அவளும் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை...

தபால்காரர் அன்றைக்கு மட்டும் தாளைச் சத்தமில்லாமல் மடித்துவைத்துவிட்டு வெளியே போனார். நாங்களும் எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம். இதை எங்களிடம் சொல்ல அவருக்கு மூன்று மாசம் ஆயிற்று.